நாலு சுவருக்குள் அழுத பிள்ளை

மரியோட்டாவுக்குப் பொய் சொல்ல வராது. அவளைப் பெருமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. சிலருக்குக் கழுத்தில் மரு இருக்கிறதல்லவா, அந்த மாதிரி அவளுக்கு இது. ஸ்காட்லாந்தில் எங்கள் இன்வர்கெல் கடற்கரையில், கடல் தண்ணீரைக் கொப்பரையில் காய்ச்சி உப்பெடுக்கிற குடும்பத்தில் பிறந்தவள். "நல்லாக் காஞ்ச உப்பு" என்று அவள் அப்பா வியாபாரியிடம் சத்தியம் செய்துகொண்டிருப்பார். பக்கத்தில் நிற்கும் இவள், "இல்லப்பா, காலையிலதானே அள்ளினோம், இன்னும் சொட்டுதே" என்பாள். வியாபாரி சிரித்துக்கொண்டே விலையைக் குறைப்பான். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கியாடி கழுதை" என்று அம்மா அவள் தலையில் குட்டுவாள்.

கட்டிக்கொண்டவன் பின்லே. உப்புப் படகு ஓட்டுகிறவன். அவனுக்குப் பொய் தண்ணி பட்ட பாடு. கெட்ட பொய் அல்ல, வீட்டுப் பொய்கள். பாய் கிழிந்து, கை சிராய்த்து, நனைந்துபோய் வந்து நிற்பான். "காத்தா? எங்க அடிச்சுது? நான் பாக்கலையே" என்பான். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கஞ்சியை ஊற்றிக்கொண்டே சிரிப்பாள். தன்னால் முடியாத ஒரு வேலையை வீட்டில் ஒருத்தன் நன்றாகச் செய்கிறான் என்ற திருப்தி அவளுக்கு.

ரொம்ப நாள் பிள்ளை இல்லை. கடைசியில் உண்டாகி, ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த கடும் பனியில் பெற்றாள். ஆண் பிள்ளை. முழுசாக, விரலெல்லாம் அழகாக இருந்தான். மூச்சுதான் இல்லை. எங்கள் கோயில் கொல்பன் சாமியார் வாசலிலேயே நின்று கேட்டார்.

"ஒரு மூச்சாவது விட்டுச்சா?"

பிரசவம் பார்த்த கிழவி மரியோட்டாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். விட்டது என்று சொல், நான் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றினேன் என்று சொல்லிவிடுகிறேன், பிள்ளை கோயில் மண்ணுக்குள் போய்விடும் என்று அந்தக் கண்ணுக்கு அர்த்தம். எங்கள் ஊரில் செத்துப் பிறந்த பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் உள்ளே போயிருக்கின்றன. மரியோட்டா கிழவியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்.

"இல்ல சாமி. விடல."

"அப்போ நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்லம்மா" என்று சாமியார் போய்விட்டார்.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. பெற்றவள் தீட்டுக் கழியும் வரை, நாற்பது நாள், வாசல் தாண்டக்கூடாது. ஆகவே பிள்ளையைப் பின்லேதான் எடுத்துப் போனான், அவளுடைய கம்பளிச் சால்வையில் சுற்றி. பொழுது சாய்கிற நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினான்.

"எங்கய்யா வச்சே?"

"கோயிலுக்கு வடக்கு மதில் இருக்குல்ல, அதுக்கு வெளிய. முள்மரத்தடியில. கடல் காத்து அங்க படாதுடி."

காற்றுப் படாது என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்றைக்குக் கஞ்சி குடித்தாள்.

பால் மட்டும் கட்டிக்கொண்டு வலித்தது. துணியை இறுகக் கட்டினாலும் நிற்கவில்லை. அந்தச் செய்தி எப்படியோ மலை மேலிருக்கும் கோட்டை வரை போய்விட்டது.

கோட்டையில் இருந்தது தெற்கத்தி ராணி. எங்கள் ஊரில் அவளுக்கு அதுதான் பெயர். இங்கிலாந்து ராஜாவின் மகள். அந்த மனிதருக்குப் பெண்கள் ஜாஸ்தி. பெண் பிறந்தால் நாமெல்லாம் கவலைப்படுவோம். அவர் வரைபடத்தை விரித்து உட்காருவாராம். ஒருத்தியை ஸ்பெயின் பக்கம் அனுப்பினார், ஒருத்தியை நார்வேக்கு. இவளை, எல்லையோரக் கோட்டை ஒன்றையும் அதைச் சேர்ந்த ஊர்களையும் சீதனமாக வைத்து, எங்கள் ராஜாவுக்கு அனுப்பினார். வந்து இறங்கியபோது அந்தப் பெண் சின்னப் பிள்ளை, குளிரில் மூக்கு சிவந்து கிடந்தது. வசந்தத்தில் கல்யாணம். இலையுதிரும் காலத்தில் ராஜா வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து செத்தார். ராணிக்கு வயிற்றில் பிள்ளை.

இங்கே எங்கள் நாட்டுச் சட்டம் ஒன்று உண்டு. கல்யாணமாகி ஒரு வருடமும் ஒரு நாளும் ஆவதற்குள் புருஷனோ பெண்டாட்டியோ செத்துப்போனால் சீதனம் பெண் வீட்டுக்கே திரும்பிவிடும். பிள்ளை பிறந்து, அது நாலு சுவருக்குள் அழுத சத்தத்தை யாராவது கேட்டிருந்தால் திரும்பாது. பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு தடவை அழுதால் போதும். சட்டம் எழுதினவர்களுக்குப் பிள்ளையின் அழுகை அதற்குத்தான் தேவைப்பட்டது.

மாதம் நிறையாமலே ராணிக்கு வலி கண்டது. கோட்டையிலிருந்து ஆள் வந்து, "உனக்குப் பால் இருக்காமே, கிளம்பு" என்றான். தீட்டுக் கழியவில்லையே என்று மரியோட்டா இழுத்தாள். கூடவே வந்திருந்த கொல்பன் சாமியார், "ராஜ காரியத்துல தீட்டெல்லாம் பாக்கக் கூடாதும்மா" என்றார். பெற்ற பிள்ளையோடு மதில் வரை போகக் கூடாதவள், ராணி படுக்கையறை வரை போகலாம்.

அறையில் ராணியோடு வந்த இங்கிலாந்துக்கார மருத்துவச்சி ஹாவிஸ் இருந்தாள். கண்டிப்பானவள், கெட்டவள் இல்லை. வலி விட்டுவிட்டு வந்தபோது ராணி மரியோட்டாவின் மார்புத் துணி நனைந்திருப்பதைப் பார்த்தாள்.

"உன் புள்ள எங்க?"

"முள்மரத்தடியில இருக்கான்மா."

ராணிக்குப் புரிந்தது. அவள் மரியோட்டாவின் கையைப் பிடித்தாள். "எங்கம்மா எட்டு பெத்தா. பயமே இல்லன்னு சொல்லித்தான் அனுப்பினா. எனக்குப் பயமா இருக்கு. நீ போயிடாத" என்றாள்.  பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னால் அது பொய். ஆகவே மரியோட்டா கையை விடாமல் மட்டும் இருந்தாள்.

பிள்ளை வந்தபோது ராணிக்கு நினைவில்லை. நீலம் பாரித்த, கைக்கடக்கமான பையன். ஹாவிஸ் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயில் ஊதினாள், பிறகு தலையை ஆட்டிவிட்டு மரியோட்டாவின் மடியில் கிடத்தினாள். அப்போது மரியோட்டா ஒரு காரியம் செய்தாள். பக்கத்துத் தொட்டியிலிருந்து வெந்நீரை உள்ளங்கையில் அள்ளி அந்தத் தலையில் ஊற்றினாள். பிதா சுதன் பரிசுத்த ஆவி பெயரைச் சொன்னாள்.

"என்ன பண்றே? செத்த புள்ளைக்கா?" என்றாள் ஹாவிஸ்.

"என் புள்ளைக்குத்தான் ஊத்தாம விட்டுட்டேன்."

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் தண்ணீர் ஊற்றியதை வேலைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். மறுநாளே எங்கள் கடைத்தெருவில் ஒரே கேள்வி: உயிரோடு இருந்தபோது ஊற்றினாளா, செத்த பிறகா? உயிரோடு இருந்தது என்றால் எல்லைக் கோட்டை நமக்கு. செத்துப் பிறந்தது என்றால் இங்கிலாந்துக்கு. செத்த ராஜாவின் சித்தப்பாதான் இப்போது நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர், சாமியார்களுக்கெல்லாம் மேலான ஆயரைக் கூப்பிட்டார். ஆயர் கொல்பன் சாமியாரைக் கூப்பிட்டார். சாமியார் எங்கள் சந்துச் சேற்றில் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரியோட்டா வீட்டுக்கு வந்தார். பின்லே அப்போது ஊரில் இல்லை. உப்பு ஏற்றிக்கொண்டு தெற்கே போயிருந்தான்.

"அழுதுச்சாம்மா?"

"அழலையே சாமி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? என் மடியிலதானே கிடந்துச்சு."

"ஹாவிஸ் வெளியூர்க்காரி. அவ பேச்சு இங்க எடுபடாது. நீ சொல்றதுதான். நாட்டுக்கு நல்லது பாரு. அந்தப் பச்சப் புள்ளைக்கும் நல்லது. நீ அழுததுன்னு சொன்னா அது ராஜாக்களோட மடாலயத்துல படுக்கும். இல்லன்னா வெளியதான் கிடக்கும்."

இதைச் சொன்னபோது தான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைக்கவில்லை. மரியோட்டா அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினாள்.

"என் புள்ளையையும் உள்ள கொண்டுவருவீங்களா சாமி?"

"அது எப்படி? மூச்சு விடலன்னு நீயேதானே சொன்னே."

"ராணி புள்ளையும்தான் விடல."

சாமியாரின் முகம் சிவந்தது. எழுந்து போனார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, ஆயர் சரி என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். இப்போது நிலம் இரும்பாக இறுகிக் கிடக்கிறது, மண் இளகியதும் தோண்டி எடுத்துக் கோயில் மண்ணில் வைத்துவிடலாம் என்றார்.

பிப்ரவரி பிறந்ததும் வரும் மெழுகுவர்த்தித் திருநாளன்று, கோயில் நிறைந்த கூட்டத்தில், புனிதரின் எலும்புப் பேழை மேல் கை வைத்து மரியோட்டா சத்தியம் செய்தாள். பிள்ளை அழுதது, நான் கேட்டேன், உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஊற்றினேன். குரல் நடுங்கவே இல்லை என்று கேட்டவர்கள் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த பொய்யை ஒரே நாளில் செலவழித்தாள். இங்கிலாந்துத் தூதுவர்கள் எழுந்து வெளியே போனார்கள்.

இதில் அவள் நினைத்துப் பார்க்காதது ஒன்று இருந்தது. மாலையில் ராணி அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். சீதனத்தைப் பறித்தவளைத் திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று மரியோட்டா தலையைக் குனிந்துகொண்டே போனாள். ராணி படுக்கையிலிருந்து எழுந்து, வெறுங்காலோடு அவளிடம் வந்தாள்.

"அழுதானா? நிஜமாவா? ஹாவிஸ் இல்லன்னுட்டாளே!"

மரியோட்டாவுக்கு வந்த வழியே ஓடிவிடலாம் போலிருந்தது.

"அழுதான்மா."

"எப்படி? எப்படி அழுதான்? சொல்லு."

"சின்னதா... பூனக்குட்டி கத்துமே, அந்த மாதிரி. ஒரு தடவதான்."

ராணி அவளைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள், சிரித்தாள். தன் பிள்ளையின் சத்தத்தை மறைத்தவள் என்று ஹாவிஸை அந்த வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டாள். உண்மையைச் சொன்ன ஒரே ஒருத்தி அவள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும்போது மரியோட்டாவின் காலடியில் துப்பிவிட்டுப் போனாள். மரியோட்டா அதைத் துடைக்கவில்லை.

ராணியை அவள் அப்பா திரும்பக் கூப்பிடவில்லை. அந்தக் கோட்டையோடு வந்தால் அவளை அடுத்த ராஜா யாருக்காவது கட்டிக் கொடுக்கலாம். அது போய்விட்டது, வெறும் பெண்ணை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கடல் ஊருக்குள் புகுந்து கிடக்கும் கழியின் அக்கரையில் இருக்கும் கன்னியர் மடத்தில் ஓர் அறை கொடுத்து, மரியாதையாகப் பூட்டி வைத்தார்கள். பெற்ற தகப்பன் இப்படிச் செய்வானா என்று எங்கள் மீன்காரிகள்கூட வாயில் அடித்துக்கொண்டார்கள். காரணம் யார் என்று மரியோட்டாவுக்குத் தெரியும். தெரிந்தும், மண் எப்போது இளகும் என்றுதான் தினம் எழுந்து பார்த்தாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். நல்லவள் என்றும் சொல்லமாட்டேன்.

தவக்காலம் பாதி கடந்ததும் பனி உருகியது. வெட்டியான் டூகல் மண்வெட்டியோடு வந்தான். கொல்பன் சாமியார் வெள்ளைத் துணி கொண்டுவந்தார். கல்லறைத் தோட்டத்தின் உள்ளே தெற்கு மூலையில் சின்னக் குழி ஒன்று தயாராக இருந்தது. மரியோட்டா புதுச் சால்வை ஒன்று நெய்து வைத்திருந்தாள். முள்மரத்தடியில் டூகல் தோண்டினான். மரத்தைச் சுற்றித் தோண்டினான். வேர் வந்தது, கல் வந்தது.

"இங்கதான்னு நிச்சயமா தெரியுமாம்மா?" என்றான் டூகல்.

"இங்கதான். வேற முள்மரம் ஏது?"

டூகல் வேர்வையைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "புள்ளைய எப்போ வச்சீங்க?"

"மூணு ராஜா திருநாள் கழிஞ்சு."

"அப்போ இங்க யாருமே தோண்டியிருக்க முடியாதேம்மா. அந்தப் பனியில நானே மூணு பொணத்த மணிக்கூண்டுலதான் போட்டு வச்சிருந்தேன். கடப்பாரையே இறங்கலையே."

சாமியார் வானத்தைப் பார்த்தார். அன்று காலையில்தான் பின்லேயின் படகு கரைக்கு வந்திருந்தது. யாரோ சொல்லக் கேட்டு, மதில் பக்கமாக ஓடிவந்துகொண்டிருந்தான். தோண்டிய மண்ணையும் அவள் கையிலிருந்த சால்வையையும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"எங்கய்யா?"

 பொய்யில் பிறந்து வளர்ந்தவனுக்கு அன்றைக்கு ஒரு பொய்கூட வரவில்லை.

"மண்ணு வெட்டவே முடியலடி. மதில் ஓரம் பூரா முட்டிப் பாத்தேன். நாய் வேற சுத்துச்சு. படகுல எடுத்துட்டுப் போயி... கல்லு கட்டி... கழியில விட்டுட்டேன். நீ கேட்டப்போ சொல்ல மனசு வரல."

மரியோட்டா கத்தவில்லை. சால்வையை மடித்தாள். சாமியாரிடம் போய், "சாமி, நான் சொன்னது பொய். ராணி புள்ள அழல" என்றாள்.

"மனசு பேதலிச்சிருக்கும்மா உனக்கு. வீட்டுக்குப் போ" என்றார் சாமியார். எல்லைக் கோட்டையில் அதற்குள் எங்கள் கொடி ஏறிவிட்டது. தெற்கு மூலைக் குழியை டூகலே மூடினான்.

ஆயர் கேட்கமாட்டார், சாமியார் கேட்கமாட்டார், ராணி கேட்பாள். அந்த எண்ணம் அவளுக்குள் முளைத்தது. நல்லெண்ணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு இல்லாதது அவளுக்கு மட்டும் எதற்கு என்கிற ஆத்திரம்தான். சோறு தண்ணியில்லாமல் நாலைந்து நாள் கிடந்தாள். பிறகு எழுந்து தலை வாரிக்கொண்டு, "அக்கரைக்குக் கொண்டுபோய் விடு" என்றாள் பின்லேயிடம். எதற்கென்றும் சொன்னாள். அவன் தடுக்கவில்லை. துடுப்புப் போட்டான். அந்தத் தண்ணீரின் மேல்தான் போக வேண்டியிருந்தது. எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை, அவன் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மடத்தில் ராணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உடம்பு வற்றிப்போயிருந்தது. மரியோட்டாவைக் கண்டதும் முகம் விரிந்தது.

"வந்துட்டியா! நீ வருவேன்னு எனக்குத் தெரியும். இங்க இருக்கிறவங்களுக்கு அவன் அழுதத நான் சொல்லிக் காட்டறேன், சரியா வரல. நீ சொல்லு. கொஞ்சம் கீச்சுன்னு இருந்துச்சா?"

மரியோட்டா நின்றாள். சொல்ல வந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை.

"எங்கப்பா வேண்டாம்னுட்டார். உங்க ஊரும் வேண்டாம்னுடுச்சு" என்றாள் ராணி. "பரவாயில்ல. ஒரு தடவ என்னக் கூப்பிட்டுட்டுத்தானே போனான்? எனக்குத்தான் காது கேக்கல."

மரியோட்டா ஜன்னலருகே போய் உட்கார்ந்தாள். "கீச்சுன்னுதான் இருந்துச்சு" என்றாள். "மொதல்ல ஒரு முனகல். அப்புறம் நல்லா வாயத் தொறந்து ஒரு அழுகை. கைய இப்படி மூடிக்கிட்டான். உங்க பக்கம்தான் தலையத் திருப்பினான்." ராணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கோயில் மணி அடிக்கும் வரை மரியோட்டா சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து ராணி உயிரோடிருந்த காலம் மட்டும் அவள் அங்கே போய்வந்தாள். அவள் சொல்லும் அழுகையும் நீண்டுகொண்டே போனது. மரியோட்டாவுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

அந்த முதல் நாள் திரும்பும்போது பின்லே கரையில் படகைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டியா?"

"இல்ல. அழுதான்னுதான் சொன்னேன்."

அவன் துடுப்பை எடுத்தான். படகு நடுக்கழிக்கு வந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை உடைந்தது.

"எனக்குப் பொய் சொல்லத் தெரியாதுய்யா. நானே ராணிக்கு ஒண்ணு சொல்லிட்டேன். உனக்கு வாய்க்கு வாய் பொய் வருமே. மண்ணுல ஒண்ணும் இல்லாம நான் நின்னப்போ, இந்த மரம் இல்லடி, அந்தப் பக்கம்னு சும்மாக் கையக் காட்டியிருக்கலாமேய்யா. சாகிற வரைக்கும் தோண்டிக்கிட்டு இருந்திருப்பேனே."